அடுத்த ஷிப்டில் இறங்குவது

ஆண்டுத் தேர்வு முடிந்ததும் சேலம் அரசுப் பொறியியல் கல்லூரி, திருச்சி என்.ஐ.டி., கோவை பி.எஸ்.ஜி. என்று பல இடங்களிலிருந்து உலோகவியலும் இயந்திரவியலும் படிக்கும் பிள்ளைகள் பெட்டியைக் கட்டிக்கொண்டு இரும்பாலைகளுக்குக் கிளம்புகிறார்கள். சிலருக்குச் சேலம் உருக்காலையிலேயே இடம் கிடைத்துவிடும். மற்றவர்கள் விசாகப்பட்டினம், பிலாய், ரூர்கேலா என்று ரயில் ஏறுவார்கள். பெரும்பாலும் நாலு வாரப் பயிற்சி. முதல் நாள் பாதுகாப்பு வகுப்பு, கேட் பாஸ், ஹெல்மெட். அதற்குப் பிறகு கோக் அவன், சின்டர் பிளான்ட், பிளாஸ்ட் பர்னஸ் என்கிற ஊதுலை, உருக்குக் கூடம், ரோலிங் மில் என்று துறைக்கு இரண்டு மூன்று நாள் சுற்றிக் காட்டுவார்கள். கடைசி வாரத்தில் போன வருட சீனியரின் அறிக்கையை வாங்கி, பெயரை மாற்றி, ஸ்பைரல் பைண்டிங் போட்டுக் கொடுத்துவிட்டுச் சான்றிதழோடு ஊர் திரும்புவார்கள். பிள்ளைகளை மட்டும் குறை சொல்ல மாட்டேன். கல்லூரியும் ஆலையும் சேர்ந்து போட்டு வைத்திருக்கும் தடம் அது. அதில் கால் வைத்தால் அப்படித்தான் போக முடியும்.

நான் உத்தியோக காலம் முழுவதும் ஊதுலைப் பக்கம் இருந்தவன். கோடைதோறும் வந்த மாணவர்களைப் பார்த்திருக்கிறேன், அவர்களோடு நின்றிருக்கிறேன். இந்தக் கோடையில் என் அண்ணன் பேத்தி பிலாய்க்குப் போகிறாள். "சின்னத் தாத்தா, அங்க போய் எதைப் பார்த்தா உருப்படியா இருக்கும்?" என்று போனில் கேட்டாள். அவளுக்குச் சொன்னதைத்தான், கொஞ்சம் ஒழுங்குபடுத்தி, அவளைப் போலக் கிளம்பும் எல்லாப் பிள்ளைகளுக்கும் எழுதுகிறேன்.

பிலாயில் மே மாத வெயில் 45 டிகிரியைத் தொடும். அதோடு உலையின் வெக்கையும் சேரும். மோரும் எலுமிச்சைச் சாறும் குடியுங்கள், உப்புப் போட்டு. ஆலைக்குள் நைலான், பாலியஸ்டர் துணி வேண்டாம். பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். கெட்டியான பருத்திச் சட்டை, முழுக்கை. பெண் பிள்ளைகள் துப்பட்டாவை விடுதியிலேயே வைத்துவிட்டுப் போங்கள். உருகிய இரும்பு ஓடும் வாய்க்காலுக்குப் பக்கத்தில் தண்ணீர் பாட்டிலோடு நிற்காதீர்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் ஏறத்தாழ 1,700 லிட்டர் இடத்தைக் கேட்கும். உருகிய இரும்புக்கு அடியில் மாட்டிக்கொண்டால் அது வெடியாகத்தான் வெளியே வரும். ஊதுலை வாயுவில் சுமார் 20 முதல் 25 சதவீதம் கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. கையில் கேஸ் மானிட்டர் இல்லாமல், கூட ஆள் இல்லாமல், உலையின் மேல் தளங்களுக்கு ஏறக் கூடாது. இவையெல்லாம் முதல் நாள் வகுப்பிலேயே சொல்வார்கள். தூங்காமல் கேளுங்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

ஆலைக்குள் நுழைந்த பிள்ளைகள் எல்லோரும் முதலில் ஓடுவது உருக்குக் கூடத்தில் இருக்கும் கன்வர்ட்டர் பக்கம்தான். ஓடத்தான் தோன்றும். நூறு டன்னுக்கு மேல் உருகிய இரும்பை வயிற்றில் வைத்துக்கொண்டு ஒரு பாத்திரம் சாய்ந்து நிமிர்கிறது. மேலிருந்து குழாய் இறங்கி, ஒலியை மிஞ்சிய வேகத்தில் ஆக்சிஜனை ஊதுகிறது. பதினைந்து இருபது நிமிடத்தில் 4 சதவீதத்துக்கு மேல் இருந்த கார்பன் எரிந்து 0.1 சதவீதத்துக்கும் கீழே போய்விடுகிறது. 1,650 டிகிரி அளவில் உருக்கு வெளியே வருகிறது. ஆஸ்திரியாவில் பிறந்த இந்த முறை இந்தியாவில் முதலில் ரூர்கேலாவுக்குத்தான் வந்தது. ஒரு ஹீட், அதாவது ஒரு தடவை ஊதி எடுப்பது, முடிய முக்கால் மணி நேரம். ஊதினவரே மாதிரி எடுத்து, அவரே முடிவைப் பார்த்துவிடலாம். தப்பும் சரியும் அவர் கண்ணெதிரிலேயே தெரிந்துவிடும். இளவயதுக்குப் பிடித்த வேலை அது.

நான் உங்களை அனுப்ப விரும்பும் இடம் ஊதுலை. அங்கே இரண்டு மணி நேரம் நின்றால்கூட ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும். காற்றின் இரைச்சல், தண்ணீர் ஓடும் சத்தம், கன்ட்ரோல் ரூமில் திரையில் அசையும் கோடுகள். அவ்வளவுதான். மேலே கன்வேயரிலோ ஸ்கிப் வண்டியிலோ தாதுவும் சின்டரும் கோக்கும் மாறி மாறி ஏறி உலையின் வாய்க்குள் விழுந்துகொண்டே இருக்கும். கீழே, உலையின் அடிப்பக்கத்தைச் சுற்றியிருக்கும் டூயர்கள் என்கிற ஊதுகுழாய்கள் வழியாக ஆயிரம் டிகிரிக்கு மேல் காய்ச்சிய காற்று உள்ளே போகும். கோக் எரிந்து, டூயர் முகத்தில் வெப்பம் 2,000 டிகிரியைத் தாண்டும். எரிந்த வாயு மேலே ஏற, மேலிருந்து போட்ட பாரம் கீழே இறங்க, நடுவழியில் தாது தன் ஆக்சிஜனை இழந்து இரும்பாகி, உருகி, அடியில் சேரும்.

மேலே விழுந்த தாது அடியில் உருகிய இரும்பாக வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும் தெரியுமா? சாதாரணமாக ஆறிலிருந்து எட்டு மணி நேரம். ஒரு ஷிப்டும் எட்டு மணி நேரம்தான்.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காலை ஆறு மணிக்கு வந்தவர் ஏற்றும் பாரம், மதியம் இரண்டு மணிக்கு வருகிறவரின் கையில் இரும்பாக இறங்குகிறது. காலையில் வந்தவர் திறந்துவிடுகிற இரும்போ, இரவு ஷிப்டில் யாரோ தூக்கத்தை விரட்டிக்கொண்டு ஏற்றிவிட்டுப் போனது. தான் போட்டதைத் தானே எடுக்க ஊதுலைக்காரருக்கு அநேகமாக வாய்ப்பதில்லை. எடுப்பது முன்னால் இருந்தவர் போட்டதை. போடுவது பின்னால் வருகிறவருக்காக. உத்தியோக காலம் முழுவதும் எனக்கு இதைவிடப் பெரிய பாடம் கிடைக்கவில்லை.

வீட்டு அடுப்பில் விறகைத் தள்ளினால் அடுத்த நிமிடம் உலை கொதிக்கும். ஊதுலை அப்படிப் பதில் சொல்லாது. கோக்கைக் கொஞ்சம் குறைத்துத் தாதுவைக் கூட்டினால் அந்த ஷிப்டின் கணக்கில் எல்லாம் நன்றாகவே இருக்கும். உலை அப்போது பழைய பாரத்தின் சூட்டில் ஓடிக்கொண்டிருக்கும். கோக் மிச்சம், பாரம் வேகமாக இறங்கியது என்று கணக்கு அழகாக இருக்கும். அடுத்த ஷிப்டில்தான் இரும்பில் சிலிக்கன் இறங்கும், அதன் சூடு குறையும், ஸ்லாக் என்கிற கசடு கெட்டியாகி ஓட மறுக்கும். அந்த நேரத்தில் நாற்காலியில் இருப்பவர் வேறு ஆள். உலையைத் திரும்பச் சூடேற்ற அவர் கூடுதலாகக் கோக் போட வேண்டும். அதுவும் இறங்கி வேலை செய்ய மணிக்கணக்கு ஆகும். அதுவரை மேலிருந்து கேள்வி வரும். பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். மிச்சம் பிடித்தவர் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருப்பார்.

இதைக் கண்டுபிடிக்க முடியாதா என்று கேட்பீர்கள். முடியும். சார்ஜ் ஷீட் இருக்கிறது, கம்ப்யூட்டரில் ஒவ்வொரு ஏற்றமும் பதிவாகிறது. ஆனால் தினமும் யாரும் துப்பறிந்துகொண்டிருக்க முடியாது. நல்ல உலை ஓடுவது நல்ல ஆட்களால்தான். தன் ஷிப்டில் டன் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, அடுத்தவனுக்குச் சூடான உலையைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்று நினைக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குப் பதவி உயர்வு மெதுவாகத்தான் வந்தது. அதை மறைத்து உங்களுக்கு ஆறுதல் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனால் அவர்களுக்கு அடுத்த ஷிப்டில் வருவதற்கு எல்லோரும் ஆசைப்பட்டார்கள்.

அதனால் என் முதல் வேண்டுகோள்: துறைக்கு இரண்டு நாள் என்று சுற்றுவதோடு நிறுத்தாதீர்கள். பயிற்சிப் பொறுப்பாளரிடம் பணிவாகக் கேட்டு, ஒரு வாரமாவது ஒரே உலையில் நில்லுங்கள். அனுமதி எந்த நேரத்துக்கு இருக்கிறதோ அந்த நேரத்துக்குள், மதியம் ஒன்றரையிலிருந்து இரண்டரை வரையாவது கட்டாயம் அங்கே இருங்கள். ஷிப்ட் கைமாறுகிற நேரம் அது. அந்த ஒரு மணி நேரத்தில் ஆலையின் குணம் முழுவதும் வெளியே தெரிந்துவிடும்.

ஒரு கைமாற்றத்தைச் சொல்கிறேன். நான் அப்போது இளம் பொறியாளன். இரும்பு எடுக்கும் காஸ்ட் ஹவுஸில் கீப்பராக இருந்தவர் ஒரு சத்தீஸ்கர் விவசாயி மகன். கீப்பர் என்றால் உலையின் வாயைத் திறந்து, இரும்பை வாய்க்காலில் விட்டு, பிறகு மட் கன் வைத்துக் களிமண்ணால் வாயை அடைக்கும் குழுவுக்குத் தலைவர். மதியம் இரண்டாகிவிட்டது. அவருடைய ஆட்கள் முகம் கழுவிக்கொண்டு பஸ்ஸுக்கு நடக்கத் தொடங்கிவிட்டார்கள். மாற்று கீப்பர் வந்து, நோட்டில் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தார். இவர் அவருடைய கையைப் பிடித்து, "பெஹலே தேக் லோ பாய்" (முதலில் பார்த்துக்கொள், தம்பி) என்று சொல்லி டூயர் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். நானும் பின்னாலேயே போனேன்.

ஒவ்வொரு டூயருக்கும் பின்னால் காசளவு ஒரு பார்வைத் துளை உண்டு. நீலக் கண்ணாடி வைத்து அதில் கண்ணைப் பொருத்தினால், உள்ளே வெண்ணெருப்பில் கோக் துண்டுகள் துள்ளிச் சுழல்வது தெரியும். உலை ஆரோக்கியமாக இருந்தால் எங்கும் ஒரே வெளிச்சம். வேகாத துண்டு விழுந்தால் கறுப்பாக ஒரு நிழல் கடக்கும். அவர் காட்டிய டூயரில் வெளிச்சம் மற்றவற்றைவிட ஒரு மாற்றுக் குறைவு. எனக்கு முதலில் வித்தியாசமே தெரியவில்லை. மூன்று நான்கு துளைகளில் மாறி மாறிப் பார்த்த பிறகுதான் பிடிபட்டது. அதன் பிறகு அவர், அந்த டூயரைக் குளிர்விக்கும் தண்ணீர் வெளியே வந்து தொட்டியில் விழும் குழாய்க்கு அடியில் மாற்று கீப்பரின் உள்ளங்கையைப் பிடித்து வைத்தார். பக்கத்துக் குழாயில் தண்ணீர் ஒரே சீராக விழுந்துகொண்டிருந்தது. இதில் கொஞ்சம் விட்டு விட்டு, உள்ளே காற்றுக் குமிழ் கலந்து, லேசாக வெளுத்து விழுந்தது. "ஒரு மணி நேரமாக இப்படி. இன்னும் மோசமாகவில்லை. ஆனால் ராத்திரிக்குள் ஆகும்" என்றார். டூயரின் செம்பு முகத்தில் மயிரிழை விரிசல் விட்டிருந்தது. அது பெரிதானால் தண்ணீர் உலைக்குள்ளே போகும். கோக்கோடு சேர்ந்து ஹைட்ரஜனாக உடைந்து உச்சி வாயுவில் ஏறும். உலையின் அடி குளிரும்.

கன்ட்ரோல் ரூம் திரையில் அப்போது எதுவும் தெரியவில்லை. ஹைட்ரஜன் கோடு வழக்கம்போலத்தான் இருந்தது. மாற்று கீப்பர் குனிந்து நிதானமாகப் பார்த்தார். டூயர் எண்ணை நோட்டில் எழுதினார்கள். பார்த்த நேரம், தண்ணீரின் நிறம், என்ன செய்ய உத்தேசம், எல்லாம். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். மாலையில் இரும்பை எடுத்து முடித்ததும் காற்றைக் குறைத்து நிறுத்தி, அந்த டூயரைக் கழற்றிப் புதியது மாட்டினார்கள். கழற்றியதைத் தரையில் போட்டுப் பார்த்தோம். மூக்கில் ஒரு பக்கம் அரித்து, விரல் நகம் அளவுக்குக் குழி. முதல் கீப்பர் அதற்கு வெகுநேரம் முன்பே வீட்டுக்குப் போயிருந்தார். போன பஸ்ஸையும் விட்டுவிட்டு, சைக்கிளில் யாரோ ஒருவர் பின்னால் உட்கார்ந்துதான் போனார். அவருக்கு அன்றைக்கு ஒரு ரூபாய் கூடுதலாகக் கிடைக்கவில்லை. யாரும் கைதட்டவும் இல்லை.

எந்தப் பாடப் புத்தகத்திலும் இதை நீங்கள் படிக்க முடியாது. அவர் போன்றவர்கள் இன்றும் எல்லா உலையிலும் இருக்கிறார்கள். அவர்கள் உங்களோடு ஆங்கிலத்தில் பேச மாட்டார்கள். உங்களுக்கு இந்தி வராவிட்டால் "தாதா", "பையா" என்று கூப்பிட்டுக் கைஜாடையில் கேளுங்கள், சொல்லிக் கொடுப்பார்கள். ஒப்பந்தத் தொழிலாளர்களையும் பாருங்கள். வாய்க்காலில் உறைந்த ஸ்லாக்கை உடைத்து அள்ளுவதும், கன்வேயருக்கு அடியில் சிந்திய தாதுவைக் கூட்டுவதும் பெரும்பாலும் அவர்கள்தான். ஆலையில் மிகச் சூடான இடத்தில் நிற்கிறவர்களுக்குச் சம்பளம் மிகக் குறைவாக இருப்பது எனக்கு இன்றுவரை வருத்தம். அவர்கள் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நாளைக்கு நீங்கள் பொறுப்புக்கு வரும்போது அது உங்களுக்கு நினைவிருக்க வேண்டும்.

அடுத்தது லாக் புத்தகம். ஷிப்ட் இன்சார்ஜ் அனுமதித்தால் பழைய லாக் புத்தகங்களை எடுத்துப் படியுங்கள். இப்போது பெரும்பாலும் கம்ப்யூட்டரில் வந்துவிட்டது. இருந்தாலும் கையால் எழுதுகிற நோட்டு ஒன்று எங்காவது மேசை இழுப்பறையில் இருக்கும். படித்தால் இரண்டு வகைக் கையெழுத்தை அடையாளம் காண்பீர்கள். ஒருவர் "எல்லாம் நார்மல்" என்று எழுதிவிட்டுப் போவார். இன்னொருவர், நாலு வரியில், எது தனக்குச் சந்தேகமாக இருக்கிறது என்று எழுதியிருப்பார். சந்தேகத்தை எழுதுவதற்குத் தைரியம் வேண்டும். எழுதினால், "உன் ஷிப்டிலேயே ஏன் சரி செய்யவில்லை?" என்ற கேள்வி வரும். எழுதாவிட்டால் யாருக்கும் தெரியாது, கேள்வியும் வராது. இத்தனைக்கும் பிறகு எழுதுகிறவரே என் கண்ணில் பொறியாளர். அவர் டிப்ளமோ படித்தவரா, பட்டம் வாங்கியவரா, எட்டாம் வகுப்பா என்பதெல்லாம் எனக்குப் பொருட்டில்லை.

பெரிய ஊதுலை ஒன்றை ஒருமுறை மூட்டினால் இன்று 15 முதல் 20 ஆண்டுகள் அது அணையாமல் ஓடும். உள்ளிருக்கும் செங்கல் தேய்ந்த பிறகுதான் நிறுத்தி மறுபடியும் கட்டுவார்கள். அப்படியானால் நீங்கள் பார்க்கப் போகும் உலை, நீங்கள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த நாளில் மூட்டியதாகக்கூட இருக்கலாம். மூட்டினவர்கள் ஓய்வு பெற்றிருப்பார்கள். அதை அணைக்கப் போகிறவர்கள் இன்னும் வேலைக்கே சேர்ந்திருக்க மாட்டார்கள். நடுவில் இருக்கும் ஆயிரக்கணக்கான ஷிப்ட்களில் எந்த ஒன்றும் தனியாக நிற்க முடியாது.

பிலாய் ஆலையே அப்படிக் கைமாறி வந்ததுதான். 1955 பிப்ரவரியில் சோவியத் நாட்டோடு ஒப்பந்தம் போட்டார்கள். 1959 பிப்ரவரி 4 அன்று முதல் ஊதுலையைக் குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத் தொடங்கி வைத்தார். நம் பொறியாளர்கள் சோவியத் ஆலைகளுக்குப் போய்ப் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டு வந்தார்கள். அங்கிருந்து வந்தவர்கள் இங்கே உலைக்குப் பக்கத்தில் நின்று காட்டிக் கொடுத்தார்கள். ஒருவருக்கு ரஷ்ய மொழி, இன்னொருவருக்குத் தமிழோ தெலுங்கோ வங்காளியோ. நடுவில் இருந்தது உலை. அதைச் சேர்ந்து பார்த்து, கைகாட்டிப் பேசி, ஒரு தலைமுறை வேலையைக் கற்றுக்கொண்டது.

கைமாறாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். நம் கொங்கு நாட்டில் நொய்யல் கரையில் கொடுமணல் இருக்கிறது. அகழாய்வில் இரும்பு உருக்கிய உலைகளும், மூசையில் உருக்கு செய்ததன் தடயங்களும் அங்கே கிடைத்திருக்கின்றன. தென்னிந்திய மூசை உருக்கு உலகச் சந்தைக்குப் போயிருக்கிறது. 1819-ல் மைக்கேல் பாரடே இலண்டனில் அந்த உருக்கை வைத்துக்கொண்டு, இதில் என்ன இருக்கிறது என்று ஆராய்ந்து எழுதினார். அதே நூற்றாண்டில்தான் அந்த வேலையைச் செய்த குடும்பங்களின் கையிலிருந்து அது நழுவியது. காட்டுக்குப் போய்க் கரி எரிக்க வழியில்லாமல் போனது, கப்பலில் மலிவான இரும்பு வந்து இறங்கியது என்று காரணங்கள் பல. தகப்பனிடமிருந்து மகனுக்குக் கையோடு கை பார்த்துப் போன வேலை. பிழைப்பு போனதும் மகன் வேறு வேலைக்குப் போய்விட்டான். அவர்களுக்கு எவ்வளவு நேரம் ஊத வேண்டும், மூசையை எந்த நிறத்தில் இறக்க வேண்டும் என்பது கண்ணில் இருந்தது. அந்தக் கண் போனதும், மிச்சம் இருந்தது உடைந்த மூசைகள்தான். இன்று ஆராய்ச்சியாளர்கள் அந்தச் சில்லுகளை நுண்ணோக்கியில் வைத்துத் திரும்பப் படிக்க முயல்கிறார்கள். சேலத்துக்குப் பக்கத்தில் இரும்புத் தாதுள்ள கஞ்சமலையைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு இந்த நினைப்பு வரும்.

பிலாயில் இன்னும் ஓர் இடம் பாருங்கள்: ரயில் தண்டவாளம் உருட்டும் மில். நம் ரயில்வேயின் தண்டவாளத்தில் மிகப் பெரிய பங்கு அங்கிருந்துதான் போகிறது. புதிய மில்லில் 130 மீட்டர் நீளத்துக்கு ஒரே துண்டாக உருட்டுகிறார்கள். இரண்டைப் பற்றவைத்து 260 மீட்டராகவும் அனுப்புகிறார்கள். சிவந்து வளைந்து ஓடுவதைப் பார்க்க அழகாக இருக்கும். அங்கே நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஹைட்ரஜனைப் பற்றியது. உருக்கில் ஹைட்ரஜன் பத்து லட்சத்தில் ஓரிரண்டு பங்கைத் தாண்டினாலே தண்டவாளத்துக்கு ஆகாது. ஈரமான சுண்ணாம்பிலிருந்தோ, சரியாகக் காய்ச்சாத பாத்திரத்திலிருந்தோ அது உள்ளே ஏறிவிடும். வெற்றிடத்தில் வைத்து உறிஞ்சி எடுப்பார்கள். எடுக்காமல் விட்டால் தண்டவாளத்தின் நெஞ்சில் கண்ணுக்குத் தெரியாத விரிசலாகத் தங்கிவிடும். உருட்டிய அன்றைக்குத் தண்டவாளம் பளபளவென்று, அளவில் துல்லியமாக இருக்கும். விரிசல் பல வருடம் கழித்து, எங்கோ ஒரு வண்டியின் பாரத்துக்கு அடியில், வளரத் தொடங்கலாம். அல்ட்ராசானிக் சோதனை அதற்காகத்தான். அந்தச் சோதனைத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் ஆளிடம் ஒரு நாள் செலவழியுங்கள். ஊருக்குத் திரும்பும்போது ஸ்டேஷனில் பிளாட்பாரத்தில் நின்றபடியே எதிர்த் தண்டவாளத்தின் பக்கவாட்டைக் கவனியுங்கள். செய்த ஆலை, ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ, உருட்டிய ஆண்டு எல்லாம் எழுத்தாகப் புடைத்திருக்கும். அதன் மேல் ஓடும் வண்டியில் உங்கள் வீட்டு ஆட்கள் வருவார்கள்.

செய்ததன் விளைவு தெரிய ஊதுலையில் எட்டு மணி நேரம் என்றால், தண்டவாளத்தில் அது பல ஆண்டுகள். வாழ்க்கையிலோ சில சமயம் ஒரு தலைமுறை. என் வயதுக்காரர்கள் கொங்குப் பக்கத்தில் கிணற்றில் தண்ணீர் வற்றியதும் போர்வெல் போட்டோம். அது வற்றியதும் இன்னும் ஆழமாகப் போட்டோம். ஒவ்வொரு தடவையும் எங்கள் ஷிப்டில் தண்ணீர் வந்தது, விளைச்சலும் வந்தது. எங்கள் கணக்கு நன்றாகவே இருந்தது. பேரப் பிள்ளைகள் ஆயிரம் அடிக்குக் கீழே தேடிக்கொண்டிருக்கிறார்கள். குட்டை குளத்தைத் தூர் வாரி, வரத்து வாய்க்காலை விட்டுக்கொடுக்காமல் காத்த சில ஊர்களும் இருக்கின்றன. அந்த ஊர்ப் பெரியவர்கள் கொஞ்சம் விளைச்சலைக் குறைத்துக்கொண்டவர்கள். பிள்ளை வளர்ப்பிலும் இதுதான். இன்றைக்கு வீடு அமைதியாக இருக்கட்டும் என்று மகன் கேட்டதையெல்லாம் வாங்கிக் கொடுத்துவிடலாம். அதன் விளைவு அவன் மனைவியின் ஷிப்டில், அவன் பிள்ளைகளின் ஷிப்டில் இறங்கும்.

இதையெல்லாம் பேத்தியிடம் சொன்னபோது அவள், "நாலு வாரம் வந்துட்டுப் போற எனக்கு இதுல என்ன பங்கு இருக்கு, சின்னத் தாத்தா?" என்றாள். நியாயமான கேள்வி. மாணவரை யாரும் வால்வில் கை வைக்க விடமாட்டார்கள், விடவும் கூடாது. ஆனால் உங்களுக்கும் ஒரு ஷிப்ட் உண்டு. போன கோடையில் ஒரு மாணவர் அங்கே இருந்தார். அடுத்த கோடையில் ஒருவர் வருவார். அவருக்கு நீங்கள் விட்டுப் போவது, போன வருடத்து அறிக்கையின் நகலாக இருக்க வேண்டாம்.

அறிக்கையில் ஊதுலை எப்படி வேலை செய்கிறது என்று பத்துப் பக்கம் எழுதாதீர்கள். அது புத்தகத்தில் இருக்கிறது. ஒரே ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் என்ன பாரம் ஏறியது, கோக் எவ்வளவு, காற்றின் சூடு எவ்வளவு, மதியத்துக்கு மேல் வந்த இரும்பில் சிலிக்கன் எவ்வளவு, ஸ்லாக் எப்படி ஓடியது என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். ஏறியதையும் இறங்கியதையும் எட்டு மணி நேரம் தள்ளி வைத்து ஒப்பிடுங்கள். கணக்கு சரியாக வராது. ஏன் வரவில்லை என்று ஷிப்ட் இன்சார்ஜிடம் கேளுங்கள். அவர் தாதுவின் ஈரத்தைச் சொல்வார், கோக்கின் பலத்தைச் சொல்வார், நேற்று இரவு அரை மணி காற்று குறைந்ததைச் சொல்வார். அதையும் அப்படியே எழுதுங்கள். பேராசிரியருக்கு இது பழக்கமில்லாத அறிக்கையாக இருக்கலாம். நேர்முகத்தில் உட்கார்ந்து பேசும்போது, இந்த ஒரு நாள் உங்களுக்கு எப்படி உதவுகிறது என்பதை நீங்களே பார்ப்பீர்கள்.

அதோடு தனியாக ஒரு தாள் எழுதி, பயிற்சிப் பொறுப்பாளரிடமோ ஷிப்ட் இன்சார்ஜிடமோ கொடுத்துவிட்டு வாருங்கள். எந்த வாசலில் எத்தனை மணிக்கு பஸ், எந்த கேன்டீனில் மதியம் மோர் கிடைக்கும், எந்த இடத்தில் நின்றால் பாதுகாப்பாக இரும்பு எடுப்பதைப் பார்க்கலாம், எந்த கீப்பர் பொறுமையாகச் சொல்லிக் கொடுப்பார், எந்தக் கேள்விக்கு உங்களுக்குப் பதில் கிடைக்காமல் போனது. கடைசியில் உங்கள் பெயரையும் கல்லூரியையும் தொலைபேசி எண்ணையும் எழுதுங்கள். அடுத்த ஏப்ரலில் யாராவது கூப்பிட்டால், பரீட்சை நேரமாக இருந்தாலும் எடுத்துப் பேசுங்கள்.